வீடு முழுக்க உங்களுடையதுதானா, அம்மா?

ஆறு பக்கக் கடிதம் அது. பெயரும் ஊரும் வெளியில் தெரியவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், எழுதிய அம்மா. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 67, பென்ஷன் வருகிறது. கணவர் 2011-ல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. மூத்த மகன் குடும்பத்தோடு இவருடனேயே இருக்கிறார். 2017-ல் வங்கிக் கடன் வாங்கி மாடி கட்டியவர் அவர்தான். நடுவில் மகள். 2009-ல் 40 பவுன் போட்டுக் கல்யாணம் செய்து அனுப்பினார்கள். கடைக்குட்டி மகன் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறார்.

சொத்து என்று பார்த்தால், கணவர் தன் சம்பளத்தில் 1986-ல் மனை வாங்கிக் கட்டிய வீடு, இவருடைய அப்பா 1998-ல் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைத் தந்துவிடும் பதிவுப் பத்திரம்) எழுதிக்கொடுத்த ஒரு ஏக்கர் நஞ்சை, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் போட்ட வைப்புத்தொகை, லாக்கரில் கொஞ்சம் நகை. வீடு பெரியவனுக்கு, நிலம் மகளுக்கு, வங்கிப் பணம் சின்னவனுக்கு, நகை மூவருக்கும் என்று மனதில் ஒரு பங்கீடு வைத்திருக்கிறார். "நான் கண் மூடின பிறகு மூணு பேரும் கோர்ட் வாசலில் நிற்கக் கூடாது" என்பதுதான் அவருடைய கவலை.

ஆனால் பெரியவர் வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதித்தரச் சொல்கிறார். நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பூர்வீகச் சொத்து, பேரன் வரைக்கும் உரிமை இருக்கு, உங்க இஷ்டத்துக்கு எழுத முடியாது" என்கிறாராம். மகளிடம் கல்யாணத்தின்போதே 20 ரூபாய் முத்திரைத்தாளில் "இனி எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்பது: உயில் எழுதுவதா, செட்டில்மெண்ட் எழுதுவதா? எதுவும் எழுதாமல் போய்விட்டால் கொள்ளி வைக்கிற மூத்தவனுக்குத்தானே வீடு?

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொள்ளி வைப்பதற்கும் சொத்துக்கும் சட்டத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்களுக்கு 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அதன்படி நீங்கள் உயில் எழுதாமல் காலமானால், உங்களுக்குச் சொந்தமானது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மூத்தவர், இளையவர், கல்யாணமான மகள் என்ற வித்தியாசம் கிடையாது. மருமகளுக்கோ மருமகனுக்கோ நேரடியாகப் பங்கு இல்லை.

"உங்களுக்குச் சொந்தமானது" என்றேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உயிலா செட்டில்மெண்டா என்று யோசிக்கும் முன் எது உங்களுடையது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டு வரி, மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டதால் வீடு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். வரி ரசீது நீங்கள் வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பட்டாவில் உங்கள் பெயர் மட்டும் இருப்பதால் மற்ற வாரிசுகளின் உரிமை அழிந்துவிடாது.

வீட்டுக் கணக்கு

உங்கள் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லை. அப்படியானால் அவர் இறந்த நிமிடத்திலேயே அது முதல் நிலை வாரிசுகளுக்குச் சமமாகப் போய்விட்டது. மனைவியான நீங்கள், மூன்று பிள்ளைகள், அப்புறம் அவருடைய அம்மா. ஆமாம், உங்கள் மாமியார். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் வேறு எதையோ சொல்லும்போது, "என் மாமியார் மகன் போன துக்கத்திலேயே இருந்து 2013-ல் போய்ச் சேர்ந்தார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது சாதாரண வரி. எனக்கு அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மகன் இறந்த 2011-ல் தாய் உயிரோடு இருந்திருக்கிறார். ஆகவே வீடு நான்காக அல்ல, ஐந்தாகப் பிரிந்தது. உங்களுக்கு ஐந்தில் ஒன்று, மாமியாருக்கும் ஐந்தில் ஒன்று.

2013-ல் மாமியார் இறந்ததும் அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போனது. மாமனார் முன்பே இல்லை என்கிறீர்கள். மாமியாருக்கு இரண்டே பிள்ளைகள்: உங்கள் கணவர், உங்கள் நாத்தனார். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மகன், மகளோடு, முன்பே இறந்துபோன பிள்ளையின் பிள்ளைகளும் வாரிசு. ஆகவே அந்த ஐந்தில் ஒன்றில் பாதி நாத்தனாருக்கு, மீதிப் பாதி உங்கள் மூன்று பிள்ளைகளுக்கு. முன்பே இறந்த மகனின் மனைவிக்கு, அதாவது உங்களுக்கு, இதில் எதுவும் இல்லை.

வீட்டை 30 பங்காக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். உங்களுக்கு 6. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 7, ஆக 21. நாத்தனாருக்கு 3. நீங்கள் முப்பது வருடமாகக் கூட்டிப் பெருக்கிய வீட்டில் உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்களைவிட ஒரு பங்கு அதிகம். படிக்கும்போது வலிக்கும், தெரியும். ஆனால் "என் வீட்டைப் பெரிய மகனுக்கு எழுதிவைக்கிறேன்" என்று நீங்கள் உயில் எழுதினால் அவருக்குப் போய்ச் சேருவது அந்த 6 பங்கு மட்டுமே. மற்றதுக்கு உங்கள் கையெழுத்து செல்லாது. நீங்கள் பயப்படுகிற கோர்ட் வாசலுக்கு அந்த உயிலே வழிகாட்டிவிடும்.

நாத்தனார் இத்தனை வருடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று தோன்றும். கேட்காமல் இருந்ததால் உரிமை போகாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் குடியிருந்தால் அது எல்லோருக்காகவும் குடியிருப்பதாகத்தான் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும்.

மகள் எழுதித்தந்த காகிதத்துக்கு வருகிறேன். அது 2009-ல் எழுதியது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவர் சம்பாதித்த வீட்டில் அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கும் உரிமை இல்லை. நாளைக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான். கையில் இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அதோடு அது பதிவும் ஆகவில்லை. பெரியவர் வக்கீல் வைத்து, 40 பவுனைக் காட்டி வாதாடலாம், ஜெயிப்பது கடினம். கல்யாணத்தில் போட்ட நகை மகளின் சீதனம், அவளுடைய சொந்தச் சொத்து. அதைப் பாகத்தில் கழிக்கச் சொல்லும் விதி சட்டத்தில் இல்லை. 'நகை போட்டாச்சு, கணக்கு முடிஞ்சுது' என்கிற பேச்சை என் அலுவலகத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்த அண்ணன்மார் பலர் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக நின்றதையும் பார்க்கிறேன்.

பெரியவர் பக்கமும் நியாயம் உண்டு. மாடி கட்டினார், கடன் இன்னும் கட்டுகிறார். அதனால் வீட்டு மனை அவருடையதாகிவிடாது. ஆனால் பாகப்பிரிவினை என்று வந்தால், முடிந்தவரை அவர் கட்டிய பகுதியை அவர் பங்கிலேயே விடுவதோ, செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதோ நீதிமன்றங்களின் வழக்கம். அந்தக் கடன் பத்திரங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிலம் உங்களுடையது

நிலத்தைப் பற்றிப் பெரியவர் சொல்வது தவறு. செட்டில்மெண்ட் மூலம் உங்கள் அப்பா தந்த நஞ்சை, நிபந்தனை எதுவும் அதில் எழுதப்படாதவரை, உங்களுடைய முழு உரிமைச் சொத்து. பெண் தன் உரிமையில் வைத்திருக்கும் சொத்து முழு உரிமையோடு அவளுக்கே சொந்தம் என்று அதே 1956 சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. தாயின் சொத்தில் பிள்ளைக்கோ பேரனுக்கோ பிறப்பால் உரிமை கிடையாது. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் வேறு சமாசாரம். அவற்றை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த ஏக்கரை நீங்கள் மகளுக்கு எழுதலாம், சின்னவருக்கு எழுதலாம், விற்றுச் செலவும் செய்யலாம். 1998 பத்திரத்தை மட்டும் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதியிருந்தால் நான் சொன்னது மாறும்.

வங்கி வைப்புத்தொகைக்குச் சின்னவரை நாமினியாகப் போட்டிருக்கிறீர்கள், அதனால் அது அவருக்குத்தான் என்கிறீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ளவர். வாங்கிய பணம் வாரிசுகளுக்கோ உயிலில் உள்ளவருக்கோதான் சேரும். சின்னவருக்கு என்றால் உயிலிலும் எழுதிவிடுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக்கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். லாக்கரிலும் பெயர் இருப்பது உரிமையாகாது: மகள் பெயரும் சேர்ந்திருப்பதால் உள்ளே இருக்கும் நகை அவருடையதாகிவிடாது.

பெரியவர் கேட்கும் செட்டில்மெண்ட்

உயில் நீங்கள் இருக்கும்வரை வெறும் காகிதம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. பதிவு செய்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், மனம் மாறியது என்று நீங்கள் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல், "உயில் மாதிரிதான்மா, சும்மா கையெழுத்துப் போடு" என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகப்பட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் எச்சரிக்கை வேண்டும்.

ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2007-ம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, என்னைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்கவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகப் பரந்த பொருளில் பார்க்கவேண்டும் என்றது. எதற்கு அந்த வாதமெல்லாம்? எழுதுவதாக இருந்தால் "உணவு, இருப்பிடம், மருத்துவம் தரவேண்டும், தவறினால் பத்திரம் ரத்து" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும் உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வரிக்கு ஒரு மகன் முகம் சுளித்தால், அந்தப் பத்திரத்தை எழுத வேண்டிய அவசரம் இல்லை என்று அர்த்தம்.

எனக்குச் சரியாகப் படுவது

உங்கள் மனதில் உள்ள பங்கீடு நல்ல பங்கீடு. ஆனால் உயில் ஒன்றை மட்டும் வைத்து அதை நிறைவேற்ற முடியாது. உயிலில் நிலத்தை மகளுக்கு எழுதினால் அவருக்கு நிலமும் கிடைக்கும், வீட்டில் ஏற்கெனவே உள்ள 7 பங்கும் இருக்கும். பெரியவர் சும்மா இருப்பாரா? சரி, மகளை முதலில் வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம் என்றால், அது அவருக்கு அநியாயம். இன்றைக்கு அவர் பதிவுசெய்து விட்டுக்கொடுப்பது திரும்பி வராது. நாளைக்கு நீங்கள் உயிலை மாற்றினால் நிலமும் வராது.

ஆகவே எல்லோரும் சம்மதித்தால் ஒரே நாளில் எல்லாப் பத்திரத்தையும் போடுங்கள். நாத்தனார் தன் 3 பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் விட்டுக்கொடுக்கட்டும். மகளும் சின்னவரும் தங்கள் வீட்டுப் பங்கைப் பெரியவருக்கு விடுதலை செய்யட்டும். அதே நாளில் நீங்கள் நிலத்தை மகளுக்குச் செட்டில்மெண்ட் செய்யுங்கள். விளைச்சல் உங்கள் ஆயுள்வரை உங்களுக்கு. சின்னவருக்கு வைப்புத்தொகை உயிலில். வங்கிப் பணம் வீட்டின் 7 பங்குக்கு ஈடாகுமா என்று அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டான் என்று பெற்றோர் நினைக்கிற இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வரும். ஈடாகாது என்றால் வித்தியாசத்தைப் பெரியவர் பணமாகத் தரட்டும்.

உங்களுடைய 6 பங்கை மட்டும் இப்போது யாருக்கும் விடாதீர்கள். அந்த வீட்டில் யாரும் உங்களை வெளியே போ என்று சொல்ல முடியாதபடி காப்பது அதுதான். பெரியவருக்கு அதை உயிலில் எழுதுங்கள்.

செலவு பெரிதாக இருக்காது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யும் செட்டில்மெண்ட், விடுதலை போன்ற பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள். நாத்தனார் யார் பெயருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து இந்தச் சலுகை கிடைப்பது மாறலாம். பத்திரம் தயாரிக்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒருவர் முரண்டு பிடித்தாலும் இந்த வழி நடக்காது. அப்போது உங்களுக்கு உரியதை மட்டும் உயிலாக எழுதுங்கள்: 6 பங்கு, நிலம், பணம், நகை. "வீட்டுப் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தால் நிலம் மகளுக்கு" என்று நிபந்தனையோடும் எழுத முடியும். அந்த வாசகத்தை ஒரு வக்கீல் எழுதட்டும். பத்திர எழுத்தரிடம் விடவேண்டாம்.

உயில் எழுதும்போது

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் போடவேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியாவது வந்து சொல்லவேண்டியிருக்கும் என்பதால் உங்களைவிட வயதில் சிறியவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாகப் பாருங்கள். உங்கள் வயதுத் தோழியைச் சாட்சியாக யோசித்திருக்கிறீர்கள். அவர் காபி குடிக்க வரட்டும், சாட்சிக்கு வேண்டாம்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உயிலை உங்களுக்குப் படித்துக்காட்டி, நீங்கள் புரிந்துகொண்டு கையெழுத்திட்டதாக ஒரு வரி இருக்கவேண்டும். நல்ல நினைவோடு இருக்கிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். அன்றைக்குப் பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டாம். அதிகப் பலன் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்த உயிலைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை வேறு யாரும் வாங்க முடியாது. சொத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் அது வராது. ஆகவே வீட்டில் முன்கூட்டியே பூகம்பம் வராது. "இதில் சொல்லாத மற்ற சொத்துகள் மூவருக்கும் சமம்" என்ற வரியையும், பிள்ளைகளில் யாராவது உங்களுக்கு முன் போய்விட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். எழுதக் கை நடுங்கும். எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்றுதான். கணவர் இறந்தபோது தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழை எடுத்து, அதில் மாமியார் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாமியார் தனியாக உயில் எதுவும் எழுதினாரா என்றும் விசாரியுங்கள். எழுதியிருந்தால் மேலே போட்ட கணக்கு மாறும். அப்புறம் நாத்தனாரைப் பார்க்கப் போங்கள். வக்கீல் நோட்டீஸோ தயாராக எழுதிய பத்திரமோ கையில் வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, இப்போதுதான் எனக்கே தெரிந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அவர் பணமாகக் கேட்டால் கொடுக்கத் தயாராகப் போங்கள். கேட்பது அவர் உரிமை. பெரியவரைக் கூட்டிப்போக வேண்டாம். சின்னவர் லீவில் வரும்போது அவரோடு போங்கள்.